ஆறாவது லாரி

யெர்கோவின் நீச்சல்குளத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று கமேனா ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துத் தொகை சொல்வார்கள். அதற்குக் காரணம் யெர்கோவேதான். ஆள் பார்த்து விலை சொன்னவன் அவன். காப்பிக்கடை லூயோ கேட்டபோது, "முப்பதாயிரத்துக்குள்ள முடிச்சுட்டேன்டா, எனக்கென்ன பைத்தியமா" என்றான். வரி அலுவலகத்திலிருந்து வந்தவரிடம் இருபத்திரண்டாயிரம் யூரோ. மியூனிக்கிலிருந்து போன் செய்து கிண்டல் பண்ணிய மைத்துனனிடம், அவன் வாயை அடைக்கவேண்டுமே என்று, ஐம்பதாயிரம். கட்டிய மனைவி ஸ்மில்யாவிடம் முப்பத்தாறு. உண்மையான தொகை நாற்பத்தோராயிரத்து அறுநூறு. அது தனக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

குளம் வெட்டும் ஆசை அவனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கமேனாவிலிருந்து கடல் இருபத்தைந்து கிலோமீட்டர். வீட்டின் கீழ்த்தளத்து இரண்டு அறைகளையும் வெள்ளையடித்து, கட்டில் போட்டு, கோடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட அவன் தயார்செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன் வரும். "குளம் இருக்கா?" என்பார்கள். "கடலே இருக்கே" என்பான் இவன். "கடல் எவ்வளவு தூரம்?" "கார்ல அரைமணி." அதோடு சரி, போனை வைத்துவிடுவார்கள். பக்கத்து ஊரில், மூளை என்ற ஒன்றே கிடையாது என்று இவன் முடிவுகட்டி வைத்திருந்த ஒருவன் முற்றத்தில் குளம் வெட்டிவிட்டு, செப்டம்பர் வரைக்கும் ஒரு நாள் விடாமல் ஆள் நிரப்பிக்கொண்டிருந்தான். இதைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷன் சும்மா இருப்பான்?

வெட்ட ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை, அதற்குக் கீழேயும் பாறை. பாறை உடைக்கும் இயந்திரத்துக்கு மணிக்கு அறுபது யூரோ. மூன்று நாள் வேலை என்றவன் ஒன்பது நாள் உடைத்தான். ஓடு பதிக்கிறவன் பாதி வேலையில் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டு, மூன்று வாரம் கழித்து ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்து அசடு வழிந்தான். குளத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை கருநீல ஓடு வேண்டும் என்பது ஸ்மில்யாவின் ஆசை. தண்ணீர் அந்தக் கருநீலத்தின் பாதி வரைக்கும் நின்றால்தான் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று ஓடு விற்றவன் சொல்லியிருந்தான். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தொள்ளாயிரம் யூரோ. எல்லாம் முடிந்து குளம் தயாரானபோது ஜூலை இரண்டாம் வாரம், புதன்கிழமை. சனிக்கிழமை போலந்திலிருந்து ஆறு பேர் குடும்பம் வந்து இறங்குகிறது. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கமேனாவில் குளத்துக்குத் தண்ணீர் என்றால் தீயணைப்புத் தொண்டர் படையின் லாரிதான். வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் படையின் லாரி வீடு வீடாகப் போய்க் குளம் நிரப்பும். ஒரு லாரித் தண்ணீருக்கு ஐம்பது யூரோ. அந்தக் காசில்தான் படைக்கு பூட்சும் குழாயும் வாங்குவார்கள். ஆனால் ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து மழை பிடிக்கும்வரை அந்த லாரி நிறைந்த வயிற்றோடு, ரோட்டைப் பார்த்தபடி நிற்கவேண்டும். அதிலிருந்து ஒரு வாளி எடுக்கக்கூடாது. இது சட்டம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக் குழாயிலோ ஜூலை மாதம் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும், குளம் நிரம்பப் பத்து நாள் ஆகும்.

படைக்குத் தலைவன் விட்ஸ்கோ. யெர்கோவின் கல்யாணத்தில் மோதிரம் எடுத்துக் கொடுத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன். யெர்கோவின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவனே. அந்த உறவுக்கு அங்கே கூம் என்று பெயர். கூடப் பிறந்தவனிடம்கூட முடியாது என்று சொல்லிவிடலாம், கூமிடம் சொல்லக்கூடாது. சொன்னால் ஊர் காறித் துப்பும்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கே யெர்கோ தீயணைப்பு நிலையத்தில் போய் நின்றான்.

"ஜூலை மாசம்டா இது. என்ன பேச்சுப் பேசற?" என்றான் விட்ஸ்கோ.

"ஒரே ஒரு நாள். சாயங்காலத்துக்குள்ள லாரியை நிரப்பி நிறுத்திடப்போற. யாருக்குத் தெரியப்போவுது?"

"மத்தியானம் மலையிலேர்ந்து புரா காத்து அடிக்கும்னு ரேடியோல சொல்றான்."

"அவன் போன வாரமும் சொன்னான். என் தொப்பிகூட நகரல."

"வேணாம்டா யெர்கோ."

"போலந்துக்காரங்க குடுத்த முன்பணத்துலதான் பம்பு வாங்கியிருக்கேன். தண்ணி இல்லேன்னா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. பம்பைப் பிடுங்கிக் குடுக்கட்டுமா?"

விட்ஸ்கோ தரையைப் பார்த்தான். அவனை எங்கே தட்டினால் சத்தம் வரும் என்று யெர்கோவுக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும்.

"சரி கூமே, விடு. என் பொண்ணுக்குக் கோயில்ல ஞானஸ்நானத் தண்ணி ஊத்தறப்போ அவளைத் தாங்கிப் பிடிச்ச கை இது. அவ அப்பன் குளத்துக்கு ஊத்த மட்டும் வராதாம். நான் வேற யாரையாவது பார்த்துக்கறேன்."

"வாயை மூடுடா. நாசமாப் போ" என்றான் விட்ஸ்கோ. சாவியை எடுத்துக்கொண்டான்.

தண்ணீரை லாரிக்குள் இழுக்கும் உறிஞ்சு குழாய் கனமானது. தண்ணீரைக் கொட்டுவதற்கு அது எதற்கு என்று நிலையத்திலேயே கழற்றி வைத்துவிட்டான். ஏழு மணிக்கு முதல் லாரி வந்தது. எட்டாயிரம் லிட்டர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு குளத்தில் விழுந்தது. நிலையம் நான்கு கிலோமீட்டர் கீழே, ரோடு முழுக்க வளைவு. ஒரு நடை போய் நிரப்பிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒரு மணிக்குள் ஐந்து லாரி கொட்டியாயிற்று. ஸ்மில்யா உப்பில் உலர்த்திய பன்றித் தொடைக் கறியை மெல்லிசாக அரிந்து, தண்ணீர் கலந்த வைனோடு கொண்டுவந்து வைத்தாள். விட்ஸ்கோ உட்காரவில்லை. நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தான். முற்றத்து அத்தி மரத்தின் இலைகள் அசைய ஆரம்பித்திருந்தன.

"போதும்டா. நாப்பதாயிரம் லிட்டர் ஆச்சு. மீதியை வீட்டுக் குழாயில விட்டுக்க. சனிக்கிழமைக்குள்ள ஏறிடும்."

யெர்கோ குளத்தைப் பார்த்தான். தண்ணீர் கருநீல ஓட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. குளிக்க அது தாராளம். விட்ஸ்கோ சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரியும். பிற்பாடு அவனைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான்: தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வழியே இல்லை.

"படம் எடுக்கணும்டா. இன்னிக்கே படம் போட்டாத்தான் ஆகஸ்ட்டுக்கு ஆள் கிடைக்கும். இப்படிப் பாதியில நின்னா, கல்யாணப் பொண்ணு செருப்பு இல்லாம நிக்கற மாதிரி இருக்கு. இன்னும் ஒண்ணு. கடைசி."

விட்ஸ்கோ லாரியில் ஏறினான்.

ஆறாவது லாரி இரண்டு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் மெல்ல ஏறிக் கருநீல ஓட்டைத் தொட்டது, பாதியை மூடியது. அடடா, என்ன அழகு! யெர்கோ போனை எடுத்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, குளம் முழுதும் விழும்படி படம் எடுத்தான். லாரியின் வயிறு கடகடவென்று வெறும் சத்தம் போட்டு அடங்கியது. அப்போதுதான் விட்ஸ்கோவின் போன் அடித்தது.

"தோ வரேன் தேஷா அத்தை, தோ வரேன்" என்று கத்திக்கொண்டே அவன் ஓடினான். கீழே ரோட்டோரம் நெருப்பு. எந்தக் காரிலிருந்தோ எவனோ எறிந்த சிகரெட் என்று பிறகு போலீஸ் சொன்னது.

ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள சரிவு முழுவதும் தேஷாவின் ஆலிவ் தோப்பு. நூற்று இருபத்தாறு மரம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவளும் புருஷனும் கடப்பாரையால் பாறையை நெம்பி, குழிக்குக் குழி மண் சுமந்து போட்டு வைத்தவை. புருஷன் போய்ப் பதினோரு வருஷமாயிற்று. எண்ணெய் விற்றுத்தான் அவள் சாப்பாடு. யாரிடமும் கை நீட்டாத ஆள். வாய் மட்டும் நீளும்.

குளத்திலிருந்து திரும்ப உறிஞ்சக் குழாய் இல்லாததால், வெற்று லாரி நெருப்பைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் கீழே நிலையத்துக்கு ஓடியது. ஜூலை மத்தியானம், குழாயில் அழுத்தம் இல்லை. லாரி பாதி நிரம்பவே இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. தண்ணீர் கொட்டும் விமானங்கள் எங்கோ ஒரு தீவில் வேறொரு நெருப்பை அணைக்கப் போயிருந்தன. புரா காற்று மலையிலிருந்து இறங்கித் தோப்பைக் குறுக்கே வாரிக்கொண்டு போயிற்று. எண்ணெய் மரங்கள் அல்லவா, ஒவ்வொன்றாகப் பற்றவில்லை, வரிசை வரிசையாகப் பற்றின. லாரி திரும்பி வந்தபோது தோப்பு இல்லை. காற்று திசை மாறி, நெருப்பு வீடுகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அங்கே கொண்டுவந்ததைக் கொட்டித் தீர்த்ததும், விட்ஸ்கோ லாரியை நேரே யெர்கோவின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இப்போது உறிஞ்சு குழாய் கையோடு இருந்தது. அதைக் குளத்துக்குள் இறக்கினான். அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்னும் பத்து வருஷம் சொல்லும். நாற்பத்தெட்டாயிரம் லிட்டர் முழங்கால் அளவுக்கு வற்றும்வரை இறைத்து, பதினோரு வீட்டையும் கோயிலையும் காப்பாற்றினார்கள். தேஷாவின் வீட்டுக் கதவு வரைக்கும் வந்த நெருப்பு அங்கேயே செத்தது.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் யெர்கோவைத் தூக்காத குறை. கரி பூசிய கைகளால் முதுகில் தட்டினார்கள். "எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுக் கேட்டு உன் உயிரை எடுத்தேனே, மன்னிச்சுடுப்பா" என்று லூயோ கட்டிப்பிடித்து அழுதான். "எவ்வளவு ஆனாலும் தகும்டா." யெர்கோவும் அழுதான். புகையினால் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று இருட்டுவதற்குள் அவன் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தான். குளம், கருநீல ஓடு, அத்தி மரம். மூலையில், தேஷாவின் கல்சுவருக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் புகை. எடுத்த நேரம் இரண்டு மணி பதினோரு நிமிஷம். அவன் நெருப்பைப் படம் பிடித்திருக்கிறான், பார்க்கவில்லை.

மறுநாள் விட்ஸ்கோ வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"பம்பு மக்கர் பண்ணிச்சு, அதான் லேட்டுன்னு பதிவேட்டுல எழுதிட்டேன்."

"உண்மையிலேயே லாரி நிறைஞ்சிருந்தா..."

"நிறைஞ்சிருந்தாவா? நான் தாண்டிப் போனப்போ நெருப்பு முழங்கால் உயரம்கூட இல்லடா. எட்டாயிரம் லிட்டர் என்கிட்ட இருந்திருந்தா அந்தக் கல்சுவத்துலயே நிறுத்தியிருப்பேன்." அவன் குரல் உடைந்தது. "நீ வாயைத் திறந்தேன்னா எனக்குப் பதவி மட்டும் போகாது, கோர்ட்டு வரைக்கும் போகும். நான் உனக்காகச் செஞ்சேன். நீ எனக்காக இதையாவது செய்."

யெர்கோவை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை ஊராட்சித் தலைவர் நகரத்திலிருந்து லாரிகளை வரவழைத்துக் குளத்தை இலவசமாக நிரப்பிக் கொடுத்தார். ஊரைக் காப்பாற்றியவனுக்கு நன்றியாம். அடுத்த ஞாயிறு பாராட்டுப் பத்திரமும் உண்டு என்றார். போலந்துக்காரர்கள் வந்து, கறுத்துப்போன மலையைப் பார்த்து முகம் சுளித்து, குளத்தைப் பார்த்ததும் சிரித்துக் குதித்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குத்தந்தை யெர்கோவின் பெயரைச் சொல்லி, ஆண்டவர் எந்தக் காரியத்தையும் முன்கூட்டியே யோசித்துத்தான் வைக்கிறார் என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. விட்ஸ்கோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குளத்தில் யெர்கோ அதுவரை ஒரு விரல்கூட நனைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தேஷா வந்தாள். கையில் ஒரு தகர டின். நகக்கண்களில் கரி.

"என்னடா, ஊரே உன் பேரைச் சொல்லுது. நீ எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கற?"

"உட்காருங்க அத்தை."

"உட்கார நேரமில்ல. இந்தா பிடி. போன வருஷத்து எண்ணெய். கடைசி அஞ்சு லிட்டர். இனிமே எப்போ கிடைக்குமோ, கிடைக்காதோ. உன் குளம் இல்லேன்னா இந்த டின்னை வெக்கக்கூட எனக்கு வீடு இருந்திருக்காது."

"வேணாம் அத்தை."

"என்ன வேணாம்? பெரிய மனுஷன் ஆயிட்டா எண்ணெய் கசக்குமா? பிடிடா."

அவள் டின்னை அவன் கையில் திணித்தாள். அதன் கனம் அவன் தோள் வரைக்கும் ஏறியது. குளத்தில் போலந்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கத்திக்கொண்டு தண்ணீரை வாரி இறைத்தார்கள். விட்ஸ்கோவுக்குத் தலையாட்டியதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அதையும் மீறி வாய் தானாகத் திறந்தது.

"லாரி இங்கதான் அத்தை நின்னுச்சு."

"ஆமா, இங்க நின்னுதான் உறிஞ்சுச்சு. நான் பார்த்தேனே."

"அதுக்கு முன்னாடி. நீங்க போன் பண்ணப்போ. என் குளத்துக்குத் தண்ணி கொட்டிட்டு நின்னுச்சு. ஆறு லாரி. விட்ஸ்கோ அஞ்சோட போதும்னான். நான்தான் விடல. ஓடு வரைக்கும் ஏறணும்னு, படம் எடுக்கணும்னு, ஆறாவது கேட்டேன்."

டின்னைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். அவள் மேலங்கிப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என் சுவரு" என்றாள்.

"ஆமா அத்தை."

"ரெண்டு பதினாலுக்கு நான் போன் பண்ணேன். 'தோ வரேன், தோ வரேன்'னான். லாரி வந்துச்சு. வந்து, என்னைத் தாண்டிப் போயிடுச்சு. எதுக்குடா இவன் நெருப்பை விட்டுட்டு ஓடறான்னு ஒண்ணும் புரியல எனக்கு. ஒரு கிளையை ஒடிச்சு வெச்சுக்கிட்டு அடிச்சேன். அரைமணி நேரம் தனியா அடிச்சேன்டா." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பம்பு மக்கருன்னு சொன்னாங்க. நானும், சரி, பாவம், மிஷின்தானேன்னு இருந்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நேத்து கோயில்ல உன் பேரைச் சொன்னப்போ நீ மூணாவது வரிசையிலதானே உட்கார்ந்திருந்த?"

"ஆமா."

"அங்க வாய் வரல. இங்க, என்கிட்ட மட்டும் வருது."

அவள் குனிந்து எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டாள். அவனுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவளைப் பிடித்து நிறுத்த அவனுக்கு எந்த உரிமையும் இல்லை. வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"நேத்து ஒரு மரத்தோட அடியைக் கீறிப் பார்த்தேன். உள்ள பச்சை இருக்கு. தண்ணி கிடைச்சா வேர்லேர்ந்து துளிர்க்கும். குழாயில சொட்டுத்தான் வருது. அந்த ஆறாவது லாரி என்னுது. அதை எனக்குக் குடு."

"எல்லாத் தண்ணியையும் எடுத்துக்கங்க அத்தை."

"எல்லாம் எனக்கு எதுக்கு? என்னுது எட்டாயிரம் லிட்டர். அதை அளந்து குடு. குளோரின் மருந்து போட்டிருந்தா ரெண்டு நாள் வெயில்ல விட்டுட்டுக் கொண்டா. திருட்டுத்தனமா இருட்டுல கொண்டு வராதே. பட்டப்பகல்ல, கடைத்தெரு வழியாக் கொண்டா."

"ஊர் கேக்குமே?"

"கேக்கட்டும். என்ன சொல்றதுன்னு அதையும் நான்தான் சொல்லித் தரணுமா?"

அவள் போன பிறகு ஸ்மில்யா சமையலறையிலிருந்து வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "சொல்லிட்டியா" என்றாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஏப்ரனால் துடைத்தாள். "நானும் அந்த நீல ஓட்டைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுத்தானே நின்னேன். சரி. அப்படியே குளத்துக்கு ஆனது முப்பத்தாறு இல்ல, நாப்பத்தொண்ணு அறுநூறுன்னும் சொல்லிடு. பேங்க் கடுதாசி அலமாரியில இருக்கு, எனக்கென்ன கண்ணு இல்லையா?"

ஸ்மில்யா போலந்துக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் கடலுக்கு அனுப்பிவிட்டாள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு யெர்கோ டிராக்டரின் பின்னால் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டி, குளத்திலிருந்து நிரப்பிக்கொண்டு கிளம்பினான். எட்டு நடை. தோப்புக்குப் போகும் பாதை லூயோவின் காப்பிக்கடையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் விட்ஸ்கோவும் இருந்தான்.

"டேய், இவனைப் பாருங்கடா!" என்று லூயோ எழுந்தான். "வீட்டைக் காப்பாத்தினது போதாதாம், தேஷாவோட மரத்துக்கும் தண்ணி சுமக்கறான்! நமக்கெல்லாம் வெக்கமா இல்லையா? ஞாயித்துக்கிழமை ஒரு பத்திரம் பத்தாதுடா, ரெண்டாக் குடுக்கச் சொல்லணும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். யெர்கோ காலைப் பிரேக்கில் வைத்தான். விட்ஸ்கோவின் முகத்தைப் பார்த்தான். அது வெளிறிப்போயிருந்தது. காலை எடுத்துவிட்டான். டிராக்டர் கைதட்டலுக்கு நடுவே உருண்டு போயிற்று. சீச்சீ, என்ன பிறவி நான் என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

தோப்பில் தேஷா மண்வெட்டியோடு நின்றாள். கறுத்த அடிமரங்களைச் சுற்றிப் பாத்தி கட்டி வைத்திருந்தாள். அவன் குழாயை இழுத்துத் தண்ணீர் விட்டான். சாம்பல் குமிழ் விட்டுக் குடித்தது.

"என்ன சொன்ன?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. கைதட்டினாங்க."

அவள் பாத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் தீர்ந்ததும் காலித் தொட்டியைக் கையால் தட்டி, போ என்று காட்டினாள்.

இரண்டாம் நடை. காப்பிக்கடை வாசலில் லூயோ அவனுக்காக ஒரு கிண்ணத்தில் ரக்கியா சாராயம் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டின் நடுவிலேயே வந்து நின்றிருந்தான். யெர்கோ டிராக்டரை நிறுத்தினான். இந்தத் தடவை சாவியையும் திருகி இன்ஜினை அணைத்தான். இன்ஜின் ஓடினால் பேச்சு காதில் விழாது என்று சாக்குச் சொல்ல இனி முடியாது.

"அதைக் கீழே வைடா லூயோ" என்றான். "இது தருமம் இல்ல. இது தேஷா அத்தையோட தண்ணி. நெருப்பு பிடிச்சப்போ லாரி என் வீட்டுல நின்னுச்சு. என் குளத்துக்குக் கொட்டிட்டு நின்னுச்சு. விட்ஸ்கோ போதும்னு சொன்னான். நான்தான் அழகுக்காக இன்னொரு லாரி கேட்டேன். அந்த எட்டாயிரம் லிட்டர் இருந்திருந்தா தோப்பு இருந்திருக்கும். பம்பு ஒண்ணும் மக்கர் பண்ணல. பத்திரத்தை ஊராட்சியே வெச்சுக்கட்டும்."

லூயோ கிண்ணத்தோடு அப்படியே நின்றான். பிறகு அதை மேஜைமேல் வைத்தான், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தான், கடைக்குள்ளே போய்விட்டான். போன வாரம் முதுகில் தட்டிய ஒருவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். யெர்கோ விட்ஸ்கோவின் பக்கம் திரும்பவில்லை. கூமைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரும் இன்றோடு சேர்ந்தது. அதுவும் அவனுக்கு வரவேண்டியதுதான். சாவியில் கை வைத்தான்.

"அவன் கேட்டான்" என்றது விட்ஸ்கோவின் குரல். நாற்காலி கரகரவென்று நகர்ந்தது. "கேக்கறவன் கேப்பான். சாவி என் கையிலதான் இருந்துச்சு. பதிவேட்டுல எழுதினதும் நான்தான்."

அவன் வந்து டிராக்டரின் சக்கரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யெர்கோ இன்ஜினைக் கிளப்பினான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

தேஷா இரண்டு பேரையும் பார்த்தாள். மண்வெட்டியை விட்ஸ்கோவிடம் நீட்டினாள்.

"நீயும் வந்தியா? சரி. அந்தக் கடைசி வரிசையில பாத்தி கட்டு" என்றாள். "இன்னும் ஆறு நடை இருக்கு."